அங்கே சூடு ஆகாது

பாய்லர்காரர் தூங்கப் போன மறுநாள், கொட்டுகிற பனியில், அவர் வீட்டுச் சாவித்துவாரம் வழியாக முதல் பட்டாம்பூச்சி உள்ளே வந்தது. சிறகுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்துக்கொண்டு, தபால் உறையைப்போல ஒல்லியாகி, நடந்துதான் வந்தது. கூடத்தைக் கடந்து, நடையைக் கடந்து, பின்னறைக் கதவின் அடியில் புகுந்து, அவர் தலைமாட்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. சிறகின் வெளிப்புறம் கருகிய காகிதத்தின் நிறம். ஒரே ஒரு முறை விரித்து மூடியபோது உட்புறம் தணல்போல இருந்ததை அவருடைய மனைவி பார்த்தாள். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "சரி, இரு" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரக் கடைசியில் அந்தச் சுவரில் கை வைக்க இடமில்லை.

பாய்லர்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. அடுக்குமாடி வரிசைக்குக் கீழே, படியிறங்கிப் போனால் வரும் அறையில் அவருக்கு வேலை. அங்கிருந்து கிளம்பும் வெந்நீர் குழாய் குழாயாக ஏறி எல்லா வீட்டு ரேடியேட்டர்களையும் சூடாக்கும். முதல் உறைபனி விழுந்த அன்று ஷிப்டு முடிந்து வந்தவர், "கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றார். ஒரு காலில் சாக்ஸைக் கழற்றினார்; மறு காலில் கழற்றவில்லை. அதோடு சரி. உலுக்கினாலும் எழவில்லை, முகத்தில் தண்ணீர் தெளித்தாலும் எழவில்லை. தொட்டால் சுவரைத் தொட்டது மாதிரி இருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம். ஊரையே சூடாக்கின மனுஷன் தன் வீட்டில் ஜில்லென்று கிடக்கிறார் என்று மாடிவீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பாய்லருக்கு வேறு ஆள் வந்தார். அவர் கொஞ்சம் சோம்பேறி. மத்தியானத்துக்கு மேல்தான் ரேடியேட்டர்கள் சுட்டன. அந்த வருடம் ஊரில் அதிகம் பேசப்பட்ட குறை அதுதான்.

பூச்சிகளைப் பலரும் பார்த்தார்கள். பஸ் டிரைவர் கண்ணாடியில் பனியைத் துடைக்கும்போது வைப்பரின் மேல் ஒன்று உட்கார்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்ததாகச் சொன்னார். சலூன்காரர் ஒருவருடைய பிடரியைச் சிரைத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்குள் ஒன்று கடந்து போனது. திரும்பிப் பார்த்தால் கடைக்குள் எதுவும் இல்லை, கண்ணாடியில் மட்டும் அது போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் இருக்கும்வரை பட்டாம்பூச்சிகள் வந்தன; இருட்டத் தொடங்கியதும், ஷிப்டு மாற்றிக்கொள்வதுபோல, சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் வந்தன. அந்தக் குளிரில் ஒரு பூச்சியின் தசை அசையாது. அவையும் அசைக்கவில்லை. சிறகடிக்காமல், யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, ஆள் உயரத்தில் தெருவோடு மிதந்து வந்தன. எதிரில் ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட்டன. எல்லாம் ஒரே தெருவுக்குள் திரும்பி ஒரே கதவுக்குப் போயின. நாய்கள் குரைக்கவில்லை. கொஞ்ச நாளில் ஜனங்களும் குடையைச் சற்றுச் சாய்த்து அவற்றுக்கு இடம் கொடுக்கப் பழகிவிட்டார்கள்.

டாக்டர் வந்தார். நாடி பார்ப்பதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் அடுத்த துடிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உடம்பு குளிர்ந்திருக்கிறது, சூடு கொடுத்துப் பார்ப்போம் என்றார். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கம்பளியோடு தூக்கிக் கூடத்தில் ரேடியேட்டர் பக்கத்தில் கிடத்தினார்கள். கம்பளியில் ஒட்டியிருந்த பூச்சிகள்தான் முதலில் விழித்தன. முதலில் அவற்றின் சிறகுகள் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கின. பூச்சிகள் அப்படி நடுங்கித்தான் தங்களைச் சூடாக்கிக்கொள்ளும். பிறகு பறந்து ஜன்னலில் மோதின, மோதி மோதி விழுந்தன. வெளியே பூவே இல்லாத காலத்தில் விழித்த பூச்சிக்கு உடம்பில் இருக்கும் இருப்பு அவ்வளவுதான். பாய்லர்காரரின் கண் பாதி திறந்தது. அந்தக் கண்ணுக்கு மேலிருந்த புருவம், பால் கொட்டிய துணி நனைவதுபோல, ஒரு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. டாக்டரே முதலில் கம்பளியின் முனையைப் பிடித்தார். "தூக்குங்க, தூக்குங்க. இருந்த எடத்துலயே இருக்கட்டும்." பின்னறையில் கிடத்தியதும் கண் மூடிக்கொண்டது. புருவம் வெளுத்தது வெளுத்ததுதான். அன்றே அவர் மனைவி பின்னறை ரேடியேட்டரைத் திருகி மூடினாள்.

பனி உருகியதும் அவர் எழுந்து மறு காலின் சாக்ஸைக் கழற்றினார், டீ கேட்டார், மெலிந்திருந்தார். சுவரிலிருந்த பூச்சிகள் ஜன்னல் வழியாகச் சாதாரணமாகப் பறந்து போயின. அதன்பின் வந்த வருடங்களிலும் இதேதான். முதல் உறைபனியில் அவர் படுப்பார், அவை வரும். வெயில் மாதங்களில் அவர் சைக்கிள் பழுது பார்த்தார். பாய்லர்காரர் என்ற பேர் மட்டும் போகவில்லை. தொழிலை விட்டாலும் பேர் விடாது.

அவர் மனைவிக்குப் பழங்களை வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை. ஊரில் அவளைக் கிடங்குக்காரி என்பார்கள். குளிர்க்கிடங்கில் வாயைத் திறந்தால் பல் கூசும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் நாலு வார்த்தையில் சொல்ல வேண்டியதை இரண்டு வார்த்தையில் முடிப்பார்கள். அவள் வீட்டிலும் அப்படித்தான். அவருடைய அக்கா இதற்கு நேர் எதிர். வேறு ஊரில் பேக்கரி நடத்துகிறவள், அடுப்பின் முன் நின்றே ஆயுசைக் கழித்தவள், பேச ஆரம்பித்தால் ரொட்டி கருகும்வரை பேசுவாள். குளிர்காலத்தில் போன் செய்து தம்பியைக் கேட்டால் கிடங்குக்காரி "தூங்கறார்" என்பாள். ஒருநாள் தூங்கலாம், ஒரு வாரம் தூங்கலாம். "எப்பப் பேசினாலும் தூங்கறார் தூங்கறார்னா என்ன அர்த்தம்? நான் என்ன கடன் கேக்கவா கூப்பிடறேன்?" என்று அக்கா பேக்கரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் பொருமினாள். வெயிலில் வந்து பார்த்தால் தம்பி சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான், ஒரு புருவம் நரைத்திருந்தது, கேட்டால் சிரித்தான். பொண்டாட்டி சரியாகக் கவனிப்பதில்லை என்று அக்கா முடிவு கட்டினாள்.

கிடங்குக்காரி நிறைமாதமாக இருந்தது ஒரு குளிர்காலத்தில். பிரசவத்துக்கு உதவியாக அக்காவே வந்தாள். விடியாத இருட்டில் வாசலில் பெட்டியை வைத்து, கழுத்துத் துணியை அவிழ்ப்பதற்குள் கிடங்குக்காரிக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அக்கா அவசரத்தில் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டாள். பனி பூத்த ஜன்னல், கறுத்த சுவர், நடுவில் வாய் லேசாகத் திறந்து கிடக்கும் தம்பி. "அடிப்பாவி! என் தம்பிய மீன் மாதிரி ஐஸ்ல போட்டு வெச்சிருக்கியே!" என்றாள். கிடங்குக்காரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்கு நடுவே மூச்சு கிடைத்த இடத்தில் சொன்னாள்: "அண்ணி, அங்க சூடு ஆகாது." ஆம்புலன்ஸ் கதவு சாத்திக்கொண்டது. பின்னாலேயே ஒரு சாம்பல் அந்துப்பூச்சி, சிறகடிக்காமல், வண்டியின் வேகத்துக்குப் போனது.

அக்காவின் மனம் இளகிவிட்டது. இவ்வளவுதானா விஷயம்? அந்த அறை சூடாக மாட்டேன் என்கிறது, ரேடியேட்டர் கெட்டுப்போயிருக்கிறது, பாய்லர்காரன் வீட்டிலேயே ரேடியேட்டர் கெட்டதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை வருடம் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். "அட பைத்தியக்காரி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா" என்று காலி வீட்டில் உரக்கச் சொன்னாள். எதிர்வீட்டில் ஒரு ஹீட்டரும் மாடிவீட்டில் ஒரு ஹீட்டரும் இரவல் வாங்கி வந்தாள். ரேடியேட்டரின் திருகையும் தட்டித் தட்டித் திறந்துவிட்டாள். அது கெடவே இல்லை என்று கண்டு தன் கைராசியை மெச்சிக்கொண்டாள். மாவே சூடு பட்டால்தான் பொங்குகிறது, மனுஷன் எம்மாத்திரம்.

மத்தியானம் சாய்வதற்குள் பாய்லர்காரர் எழுந்து உட்கார்ந்தார். "அக்கா, நீ எப்ப வந்த?" என்றார். அக்கா அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு டீ போட்டாள், ரொட்டி சுட்டாள். அவர் பசியோடு தின்றார். சின்ன வயதில் இருவரும் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டதைப் பற்றிப் பேசினார்கள். "நீதான்டா இழுப்ப." "நீ உருண்டு உருண்டு சுத்திக்குவ, நான் இழுக்காம என்ன பண்ணுவேன்?" அக்காவுக்கு அத்தனை சந்தோஷமான மத்தியானம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சுவர் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. பூச்சிகள் பறக்க ஆரம்பித்தபோது அறையெங்கும் சிறகுத்தூள் உதிர்ந்தது. தம்பியின் தலையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் பேசிக்கொண்டே இருக்க, அவள் துண்டை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. துண்டை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. துடைக்கத் துடைக்க வெள்ளை அதிகமாயிற்று. துண்டைப் பிடித்திருந்த அவள் கைக்குக் கீழே அவர் நெற்றி, கிண்ணத்துப் பாலில் ஆடை சுருங்குவதுபோலச் சுருங்கியது.

அவருக்கு அது தெரியவில்லை. குரல் மட்டும் சற்று உடைந்திருந்தது. ஜன்னலில் பூச்சிகள் மோதி விழுந்துகொண்டிருந்தன. விளிம்பில் கருகிய காகிதம்போலக் குவிந்தன. அவர் ஜன்னலைப் பார்த்தபடி, பக்கத்து அறையில் நடப்பதைச் சொல்வதுபோல, "பொண்ணு பொறந்துட்டா. பாரேன்க்கா, கொழந்தைக்கும்..." என்றார். அந்த நேரத்தில், பூச்சிகளின் மேல் இரக்கப்பட்டோ, தன் கையில் இருக்கும் தலையைப் பார்க்கப் பயந்தோ, அக்கா ஜன்னலை விரியத் திறந்துவிட்டாள். பனிக்காற்று ஒரே வீச்சில் அறைக்குள் இறங்கியது. பூச்சிகள் இருந்த இடத்திலேயே சுவரில் ஒட்டிக்கொண்டன. பாய்லர்காரர் மிச்ச வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டே சாய்ந்து தூங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: பெண் குழந்தை.

கிடங்குக்காரி குழந்தையோடு வீடு வந்தபோது ஹீட்டர்கள் வாசலில் கிடந்தன. பின்னறைக்குப் போய்ப் பார்த்தாள். கட்டிலில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சூடு ஆகாதுன்னு சொன்னேனே, அண்ணி."

"ஆகாதுன்னு சொன்னதாலதானேடி ஆக்கினேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் திறக்கும் கதவு என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. அக்கா நடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிடங்குக்காரி திட்டவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். குழந்தையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, போய் ஜன்னலைச் சாத்தினாள்.

குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறது, கொஞ்சம் குளிர்ச்சியான உடம்பு, கொஞ்சம் அதிகத் தூக்கம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆஸ்பத்திரியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி குழந்தையின் துண்டில் வந்து வந்து உட்கார்ந்ததாகவும், எத்தனை முறை விரட்டியும் போகவில்லை என்றும் சொன்னாளாம். அது வீட்டுக்கும் கூடவே வந்திருந்தது. தொட்டில் கட்டையில் உட்கார்ந்துகொண்டது. தம்பி பாதியில் விட்ட வாக்கியத்தை அக்கா சொன்னாள். 'கொழந்தைக்கும்' என்றால் என்ன? குழந்தைக்கும் பசிக்கும் என்றா, குழந்தைக்கும் ஒரு ஸ்வெட்டர் பின்னு என்றா, குழந்தைக்கும் சூடு ஆகாது என்றா? சொல்ல வேண்டியவர் பனி உருகும்வரை சொல்ல மாட்டார். அதுவரை குழந்தையை எங்கே வைப்பது? கூடத்தில் வைத்து அது தகப்பனைப்போல என்றால் உயிர் போய்விடும். பின்னறையில் வைத்து அது எல்லாக் குழந்தைகளையும்போல என்றால் அப்போதும் போய்விடும். "பச்சப் புள்ளைய குளிர்ல போடறதா? நான் உயிரோட இருக்கறவரைக்கும் நடக்காது" என்றாள் அக்கா. கிடங்குக்காரியும் அதையேதான் விரும்பினாள். கூடத்தில்தான் வைத்தார்கள்.

கூடத்தின் சூட்டில் குழந்தை பால் குடிக்கவில்லை, அழவுமில்லை. கட்டையிலிருந்த அந்துப்பூச்சி நடுங்க ஆரம்பித்தது. ஒரு காலையில் குழந்தையின் தலையைத் தடவிய கிடங்குக்காரி கையை எடுத்தாள். நடு உச்சியில் ஒரு முடி வெள்ளையாக இருந்தது. "பூச்சித்தூள்" என்றாள் அக்கா. கிடங்குக்காரி விரல் நுனியை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை.

குளிர்க்கிடங்கில் எந்தப் பெட்டியையும் ஒரே தூக்கில் உள்ளே கொண்டுபோவதோ வெளியே கொண்டுவருவதோ கிடையாது. நடுவில் ஓர் அறை உண்டு. சரக்கு அங்கே கொஞ்ச நேரம் இருந்து பழக வேண்டும். அவள் சக்கரம் வைத்த அந்தத் தொட்டிலைக் கூடத்திலிருந்து நடைக்குத் தள்ளினாள். ஒரு பக்கம் கூடத்தின் கதவு, மறு பக்கம் பின்னறையின் கதவு. பூச்சி நடுங்கினால் தொட்டிலைப் பின்னறைப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினாள். நடுக்கம் நின்றால் நிறுத்தினாள். குழந்தையின் மூச்சு நீண்டுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் அக்கா அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்து, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றியதை மறந்தாள். மூச்சு வந்தது. கிடங்குக்காரிக்கு மார்பில் பால் கட்டி வலித்தது. பிறகு அந்த வலியும், உள்ளே எதுவோ படுத்துக்கொண்டதுபோல, அடங்கிவிட்டது. இரண்டு பெண்களும் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு நடையில் எதிரெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்பு போனில்கூட ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போலப் பேசாதவர்கள். அங்கேயும் அதிகம் பேசவில்லை. வாயைத் திறந்தால் பல் கூசியது. அக்காகூடச் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். "நடுங்குதா?" "இல்ல." "வந்துச்சா?" "வந்துச்சு." அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டுப் பேச்சு அவ்வளவுதான். தான் செய்வது சரியா என்று கிடங்குக்காரிக்குக் கடைசிவரை தெரியவில்லை. தொட்டிலின் மேல் பூச்சிகள் அடர்ந்து, போர்வை எது சிறகு எது என்று பிரிக்க முடியாமல் போனபோதும் தெரியவில்லை.

கூரையிலிருந்து பனி சொட்டத் தொடங்கிய ஒரு காலையில் பாய்லர்காரர் கண் திறந்தார். "...நம்ம அம்மா மூக்குதான்" என்றார்.

பிறகு டீ கேட்டார். கிடங்குக்காரியும் அக்காவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். "என்னது?" என்றாள் அக்கா. "கொழந்தைக்கும் நம்ம அம்மா மூக்குதான்னேன். ஏன் ரெண்டு பேரும் இப்படி மொறைக்கறீங்க?" அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அழுகையாகி, திரும்பவும் சிரிப்பானது. சிரித்து யாரும் பார்த்திராத கிடங்குக்காரியும் சிரித்தாள். மூக்குக்காக ஒரு குளிர்காலம் முழுக்க உறைந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நடையிலிருந்து ஒரு படபடப்பு எழுந்தது. சிறகுகள் கூட்டமாக எழுந்து ஜன்னலுக்குப் போயின. அடியிலிருந்து, வெறும் பசியால் வரும் சாதாரணமான, கோபமான அழுகை வந்தது. கிடங்குக்காரியின் சட்டை நனைந்தது. குழந்தை, வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இருந்த அளவிலேயே இருந்தது. மூக்கு அப்படியேதான் இருந்தது.

அந்தக் குழந்தையை நடையில் வைத்திருக்க வேண்டியதே இல்லை என்று சொல்கிறவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். கிடங்குக்காரி அவர்களோடு வாதாடுவதில்லை. மகளின் உச்சியில் அந்த ஒரு வெள்ளை முடி இருக்கிறது. தலை வாரும்போது அதை மட்டும் விரலில் பிரித்து எடுத்து, திரும்பப் பின்னலுக்குள் வைத்துவிடுவாள்.

அக்கா தன் ஊருக்குத் திரும்பவில்லை. பேக்கரியை விற்றுவிட்டு இங்கேயே தங்கிவிட்டாள். வெளியூர்க் கடைக்குப் போனால் கிழவரான தம்பியை அவளுடைய அப்பா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் "அக்கா, பையக் குடு" என்பதைக் கேட்டுக் கடைக்காரர் தராசை மறந்து நிற்கிறார். அவள் திருத்துவதில்லை. பின்னறைக் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. அக்கா எழுதியது: 'சூடு ஆகும். ஆனா ஆகாது.' ஹீட்டர் விற்க வந்தவர் ஒருமுறை அதைப் படித்துவிட்டு, மறுபடி படித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். மற்றபடி ஊருக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் உறைபனி அன்று டீச்சர் அந்தப் பெண்ணின் நாற்காலியைத் தானே மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிடுகிறாள். பஸ் டிரைவர் அந்தத் தெருமுனையில் வேகத்தைக் குறைக்கிறார்.

இந்த வருடமும் தெருக்குழாயில் நீர் உறைந்த அன்று அப்பாவும் மகளும் படுத்துக்கொண்டார்கள். அவர் ஒரு காலில் சாக்ஸைக் கழற்றினார். மகள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "அம்மா, அங்க எனக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு..." என்றாள். கண் மூடிக்கொண்டது. கிடங்குக்காரி ரேடியேட்டரைத் திருகி மூடினாள். வாசல் பக்கம் சாவித்துவாரத்தில் முதல் பூச்சி, சிறகை ஒட்டி வைத்துக்கொண்டு, உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தது. அக்கா அதற்குக் காலை நகர்த்தி வழிவிட்டாள்.

"என்ன சொன்னா?"

"பாதி சொன்னா."

அக்கா தலையாட்டினாள். இரண்டு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு நடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள். மீதி, பனி உருகியதும் வரும்.